செவ்வாய்க்கிழமைச் சிரிப்பு

அருப்புக்கோட்டையில் பருப்பு மண்டி நடத்தும் குடும்பங்களில் கல்லாவில் பெண்கள் அமர்வது அரிது. பொன்னுச்சாமியின் மண்டியில் அவர் மனைவி கஸ்தூரிதான் அமர்வாள். ஊர் ஊராகப் போய், வெள்ளாமை வைக்கும் சம்சாரிகளிடம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் விலை பேசி முடிப்பது அவர் வேலை. வந்த மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி, முகர்ந்து, இரண்டொரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, "இறக்கு" என்றோ "திருப்பு" என்றோ சொல்வது அவள் வேலை. அவள் திருப்பச் சொன்ன மூட்டையை அவர் ஒருநாளும் இறக்கியதில்லை. அவ்வளவு ஒற்றுமையான தம்பதி என்று கடைத்தெருவில் பேர் வாங்கியிருந்தார்கள்.

அந்த ஒற்றுமைக்குள் ஒரு கேமரா வந்து உட்கார்ந்தது.

கார் கஸ்தூரியின் பெயரில் இருந்தது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் ஏஜெண்டு கோகுல் ஒரு சிறு கறுப்புப் பெட்டியோடு மண்டிக்கு வந்தான்.

"கண்ணாடிக்குப் பின்னால மாட்டிட்டுப் போயிர்றேன்க்கா. வண்டி எப்படி ஓடுதுன்னு அதுவே பாத்து மாசாமாசம் மார்க்குப் போடும். எண்பதுக்கு மேல எடுத்தா அடுத்த வருசம் பிரீமியத்துல தள்ளுபடி. அண்ணாச்சி ஓட்டுற நிதானத்துக்குத் தொண்ணூறே எடுப்பாக."

"பத்தாப்புல எடுக்காத மார்க்கையா இப்ப எடுத்துக் கிழிக்கப் போறேன்?" என்று சிரித்தபடி பொன்னுச்சாமி மூட்டை எடை போடப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் கோகுல் மீதியைச் சொன்னான். அந்தப் பெட்டிக்கு இரண்டு கண்கள். ஒன்று சாலையைப் பார்க்கும். மற்றொன்று ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்கும். கண் அயர்ந்தாலோ, பார்வை சாலையை விட்டு விலகினாலோ, முகத்தை மட்டும் சில நொடிப் படமாகப் பிடித்துப் போனுக்கு அனுப்பிவிடும். சாலைக் காட்சி பெட்டிக்குள்ளேயே ஓர் அட்டையில் பதிந்து கிடக்கும். விபத்து நடந்தால் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். பொன்னுச்சாமியிடம் இருந்தது பொத்தான் போன் என்பதால் எல்லாமே கஸ்தூரியின் போனுக்கு வரும்படி ஏற்பாடாயிற்று.

இரண்டாவது கண்ணைப் பற்றிக் கணவரிடம் மறைக்க வேண்டும் என்று கஸ்தூரி நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. பெரும்பாலான பொல்லாப்புகளுக்கு இவ்வளவு இடைவெளியே போதும்.

முதல் மாதம் மதிப்பெண் எண்பதைத் தாண்டி நின்றது. தை பிறந்து உளுந்து அறுவடை தொடங்கியதும், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கஸ்தூரியின் போன் விட்டு விட்டு ஒலிக்கத் தொடங்கியது. கவனச் சிதறல். தடம் விலகல். மறுபடியும் கவனச் சிதறல். எடுத்துப் பார்த்தபோது, எம்.ரெட்டியபட்டிக்கு அருகே பிரியும் ஒரு கிளைச் சாலையில் கார் சிறிது தூரம் போவதும் பின்னால் வருவதுமாக வரைபடத்தில் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. தறியில் நாடா ஓடுவதுபோல் அதே இடத்தில் போய்ப் போய் வந்தது.

படத்தைத் திறந்தாள். பொன்னுச்சாமி தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் இடப்பக்கச் சன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். குரல் பதியவில்லை. அதற்கடுத்த படத்தில் அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் கஸ்தூரியால் தாண்டிப் போக முடியவில்லை. அவர் சிரிக்காத மனிதரல்லர். வாடிக்கையாளரிடம் ஒரு சிரிப்பு, மச்சானிடம் ஒரு சிரிப்பு, வரி அதிகாரியிடம் ஒரு சிரிப்பு என்று அளவாக வைத்திருப்பவர். இது அவற்றில் எதுவுமில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண் இடுங்கி, வாய் நிறையச் சிரித்த சிரிப்பு. திருமணமான புதிதில் அவள் அதைப் பார்த்திருந்தாள்.

அன்று மாலை அவர் வீடு திரும்பியதும் தட்டை வைத்தபடி கேட்டாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் போனீக?"

"ரெட்டியபட்டிப் பக்கந்தான். லோடு பாக்க."

"வழியில எங்கயும் நிக்கலயா?"

"நின்னா வேலையாகுமா? சோறு கொஞ்சமா வையி. பசியே இல்ல."

வெயிலில் அலைந்து வந்தவருக்குப் பசியில்லை. கஸ்தூரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவர் வேறு வழியில் போவார். வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கையிருப்பை முதலிலேயே காட்டக் கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை புதிதாக ஓர் அறிவிப்பு வந்தது: முன்காட்சி மறைக்கப்பட்டுள்ளது. சாலையைப் பார்க்கும் கண்ணை ஏதோ மூடியிருக்கிறது. உள்கண் மட்டும் வழக்கம்போல் அவர் முகத்தைப் பிடித்து அனுப்பியது. அவர் தோளில் எப்போதும் கிடக்கும் துண்டைக் காணவில்லை. துண்டைக் கொண்டு அவரேதான் மூடியிருக்கிறார் என்பது அவளுக்குச் சட்டென்று விளங்கியது. கேமராவுக்கு ஒரே கண்தான் என்று எண்ணி, அதை மூடிவிட்டு, பார்த்துக்கொண்டிருந்த மற்றொரு கண்ணுக்கு முன்னாலேயே அவர் அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறைக்க ஒன்றுமில்லாதவர் எதற்காக மூட வேண்டும்?

அதன் பிறகு கஸ்தூரிக்கு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் சலவைச் சட்டை போடுவதில்லை, பழைய சட்டையே போடுகிறார். ஊர் கண்ணுக்கு எளிமையாகத் தெரிவதற்காக இருக்கலாம். சட்டைக் காலரில் காய்ந்த இலைத்தூள் ஒட்டியிருந்தது. காட்டுப்பக்கம் ஒதுங்கி நின்றிருக்கலாம். ஒருநாள் பின்னிருக்கையில் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி கிடந்தது. அவள் வீட்டுப் பாத்திரமில்லை. திறந்து முகர்ந்தாள். மோர் வாடை அடித்தது. அதை இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள். அடுத்த புதன்கிழமை அது அங்கே இல்லை.

மாத முடிவில் கோகுல் போன் செய்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீக. அண்ணாச்சி மார்க்கு அறுபதுக்கு இறங்கிருச்சு. தள்ளுபடி போயிரும் போலருக்கு. உடம்புக்கு ஏதுமா? தூக்கம் கீக்கம் சரியில்லையா? இல்ல…"

"இல்லன்னா?"

"இல்லக்கா, சும்மா கேட்டேன். செவ்வாய்க்கிழமை மட்டும் தண்ணி போடுற ஆளு எவனும் இல்லல்ல."

போனை வைத்த பிறகு, தள்ளுபடியைப் பற்றி ஒரு சொல்கூடத் தான் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அந்த மனிதர் இன்னும் தன்னுடையவர்தானா என்பது தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டையைக்கூட அவள் இப்போது உண்மையா என்று காது கொடுத்துக் கேட்டாள்.

மறு செவ்வாய்க்கிழமை காலை அவர் காரை எடுக்கும்போது, "மல்லாங்கிணத்துல சித்திக்கு மேலுக்குச் சொகமில்லையாம். மண்டியப் பூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றாள்.

"நான் கொண்டுபோய் விடவா?"

"வேணாம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் கணவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். அது அவ்வளவு எளிதாக வாயில் வந்தது அவளையே திடுக்கிடச் செய்தது. இவ்வளவு எளிது என்றால் அவருக்கும் எளிதாகத்தானே இருந்திருக்கும்?

மதியம் ரெட்டியபட்டிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழியில் எல்லாரும் இறங்கிவிட, ஆட்டோக்காரன் பால்பாண்டி திரும்பிப் பார்த்தான்.

"எங்கக்கா எறங்கணும்?"

அவள் கிளைச் சாலையைச் சொன்னாள்.

"அங்கயா? பெரிய ரோடு அந்தப் பக்கம் போட்டதுல இருந்து அதுல காக்கா குருவிகூடப் போகாதுக்கா. காலையில ஒரு பஸ்ஸு, ராத்திரி ஒரு பஸ்ஸு. செவ்வாய்க்குச் செவ்வா ஒரு வெள்ளக் காரு போகும், அம்புட்டுத்தான்."

"யாரு காரு?"

"டவுனு யாவாரி ஒருத்தரு. போனாருன்னா பொழுது சாஞ்சுதான் திரும்புவாரு. அந்தக் கார் வந்தா முத்துத்தாய்க்குத் தீபாவளிதேன்." அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான். "நீங்க முத்துத்தாய்க்குச் சொந்தமாக்கா?"

"இன்னும் தெரியல" என்றாள் கஸ்தூரி.

சாலை பிரியும் இடத்தில் இறங்கி நடந்தாள். இருபுறமும் கருவேலம். அதைத் தாண்டி, செடி பிடுங்கிய கரிசல்காடு வெடித்துக் கிடந்தது. முத்துத்தாய் என்ற பேருக்கு அவள் ஒரு முகம் செய்தாள். வயதைக் குறைத்தாள், நிறத்தைக் கூட்டினாள், கண்ணுக்கு மை இட்டாள். தான் என்ன கேட்க வேண்டும் என்பதையும் ஒத்திகை பார்த்தாள். வளைவுக்கு அப்பால் அவளுக்குப் பழக்கமான எஞ்சின் சத்தம் கேட்டது. ஒரு உறுமல். ஓய்வு. பிறகு பின்னால் வரும்போது எழும் 'பீப் பீப்' ஒலி. மீண்டும் உறுமல்.

வளைவைக் கடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சாலையை அடைத்து விளம்பரப் பதாகைகளை விரித்திருந்தார்கள். எவருடைய கல்யாணத்துக்கோ அடித்த பதாகைகள். மாலையும் கழுத்துமாகச் சிரிக்கும் மாப்பிள்ளை பெண்ணின் மேல், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த உளுந்தஞ்செடி. அதன் மேல் அவளுடைய வெள்ளைக் கார் முன்னே ஏறிப் போயிற்று, பின்னே இறங்கி வந்தது. சக்கரம் ஏறும் இடமெல்லாம் நெத்து வெடித்துப் படபடவென்று பொரிந்தது. அறுபதை நெருங்கிய ஒரு பெண், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி! மாப்பிள்ள மேலயே ஏத்துறீகளே, பொண்ணு மேலயும் கொஞ்சம் ஏத்துங்க. அவ என்ன பாவம் செஞ்சா?"

"பொம்பளப்புள்ள மேல வண்டி ஏத்துன பாவம் நமக்கு எதுக்கு முத்துத்தாயி?" என்று சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பொன்னுச்சாமி சிரித்தார். அதே சிரிப்பு.

சிரித்த முகம் திரும்பியபோது கஸ்தூரி நின்றிருந்தாள். எஞ்சின் நின்றது. அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு? சித்திக்கு முடியலையா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு முகத்தில் திருட்டுக் களையும் வந்தது. கஸ்தூரியின் நெஞ்சில் கிடந்த பாறை ஒன்று உருண்டு விழுந்த உணர்வு. அழுதுவிடலாம் போல் இருந்தது. ஆனால் அந்தப் பாறை கிடந்த இடத்தில் வேறொன்று இருந்ததை அவள் அப்போதுதான் கண்டாள்.

ரோட்டில் அடித்த உளுந்து அவள் மண்டிக்குள் வரக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். முன்பொரு முறை அப்படி வந்த உளுந்தில் கிடந்த கல், இட்லிக்கடை கிரைண்டரின் குழவியை உடைத்தது. அன்றிலிருந்து, களத்தில் அடித்த உளுந்து மட்டும்தான் தன்னிடம் இருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அவள் பேர் எடுத்திருந்தாள்.

"போன வாரம் வந்த மூட்டை?" என்றாள்.

"அதுவும் இதுதான்."

"அதுக்கு முந்தி வந்தது?"

அவர் தரையைப் பார்த்தார்.

"நான் கைய விட்டுப் பாத்து, களத்து உளுந்துன்னு இட்லிக்கடை ரூத் அக்காகிட்ட என் வாயால சொன்னேன். நீங்க பக்கத்துலதான நின்னீக?"

"நல்லாத்தான இருந்துச்சு? அதான் பதாகை விரிச்சு அடிக்கோம். மண்ணு கல்லு ஏறாது. ரெண்டு தடவ சலிச்சுத்தான் மூட்டை கட்டுறா. இவளுக்குக் களம் கிடையாது. ரோட்டுல போட்டாலும் ஏறிப்போக வண்டி கிடையாது. டிராக்டருக்கு வாடகை குடுத்தா மிச்சம் ஒண்ணும் நிக்காது. நான் வந்து ஓட்டிக் குடுத்தா, காரியாபட்டி யாவாரிக்குப் போற உளுந்து நமக்கு வருது. ஒன்கிட்டச் சொன்னா வேண்டாம்பே."

"சொல்லிப் பாத்தீகளா?"

அவர் மெதுவாக, "மண்டியில நீ சொல்றபடி நான் ஓடணும். இங்க நான் சொல்றபடி வண்டி ஓடுது. அது ஒரு சொகமா இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார். "ஆமா, நான் இங்க வாரது ஒனக்கு எப்படித் தெரியும்?"

கஸ்தூரி போனைத் திறந்து நீட்டினாள். அவர் தம் முகத்தைத் தாமே பார்த்தார். திரும்புகிற முகம். பேசுகிற முகம். சிரிக்கிற முகம். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"நாந்தான் துண்டப் போட்டு மூடிட்டனே?"

"உள்ள பாக்குறதுக்கு இன்னொண்ணு இருக்கு."

"எத்தன நாளா பாக்குற?"

"தை பொறந்ததுல இருந்து."

"பாத்துட்டு, ராத்திரி என் பக்கத்துல படுத்துக் கெடந்திருக்க. ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டேன். எங்கயும் நிக்கலயான்னு கேட்டேன்."

"நின்னாத்தான நின்னேன்னு சொல்ல? ஓடிக்கிட்டேதான இருந்தேன்" என்றவர், அதைச் சொன்ன தம்மீதே வெறுப்புற்றவர்போல் வாயைத் துடைத்துக்கொண்டார். "என்னன்னு நினைச்ச? இவளையும் என்னையுமா?"

முத்துத்தாய் கம்பைக் கீழே போட்டாள். "ஆத்தாடி! எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு, அண்ணாச்சி வீட்டம்மா. இந்த ஆளு எனக்கெதுக்கு? வண்டி இருக்குன்னுதான் மோரு ஊத்துறேன். வண்டி இல்லைன்னா பச்சத் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கஸ்தூரி சற்றுத் தள்ளிப் போய் நின்று, இட்லிக்கடை ரூத்தை அழைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் தெளியும் என்று நம்பினாள்.

"ரூத் அக்கா, போன மூட்டையில கல்லு ஏதும் கெடந்துச்சா?"

"இல்லையே. நல்லாத்தான் அரைச்சுச்சு. ஏன், கெடக்குமா?"

"கெடக்காது. ஆனா அது களத்து உளுந்து இல்ல. இவுக ரோட்டுல விரிச்சுக் கார் ஏத்தி அடிச்சது. எனக்கு இப்பத்தான் தெரியும். அதான் சொல்லிட்டேன்."

எதிர்முனையில் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒன் வீட்டுக்காரரே அடிச்சு, அவரே கொண்டாந்து, ஒனக்குத் தெரியாமலா மண்டிக்குள்ள வந்துச்சு, கஸ்தூரி?"

"சத்தியமாத் தெரியாதுக்கா."

"சரி, நம்புறேன். ஆனா இனிமே மூட்டைய நானே வந்து பிரிச்சுப் பாத்துத்தான் எடுப்பேன். கோவிச்சுக்காத."

நம்புகிறேன் என்ற சொல் எவ்வளவு இளைத்துப்போய் வந்து சேரும் என்பதைக் கஸ்தூரி அன்று கண்டாள். உண்மையைச் சொல்லியும் சந்தேகத்துக்குள்ளாகி நின்றாள். சற்று முன்வரை இந்தப் பார்வையால்தான் அவளும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் கணவரிடம், "இந்த உளுந்து இனித் தனி மூட்டை. ரோட்டுல அடிச்சதுன்னு சொல்லித்தான் விப்பேன். வாங்குறவுக வாங்கட்டும்" என்றாள்.

"சரி."

"கோகுலையும் வரச் சொல்லி அந்தப் பெட்டியக் கழட்டச் சொல்லீர்றேன். தள்ளுபடி வேணாம்."

அவர் காருக்குள் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற ஏதும் இருக்கா?"

"வேற ஏதும்னா?"

"என்கிட்டச் சொல்லாதது."

"இல்ல" என்றார் பொன்னுச்சாமி. உடனே சொல்லிவிட்டார். உடனே வந்ததால் அது உண்மையா, அல்லது உண்மையாக இருந்ததால்தான் உடனே வந்ததா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. உளுந்தாக இருந்தால் பல்லில் கடித்துப் பார்த்திருப்பாள்.

"சண்டைய வீட்டுல வச்சுக்கங்க, தாயி" என்று முத்துத்தாய் குறுக்கே வந்தாள். "காத்து இருக்கும்போதே தூத்தணும். இன்னும் ரெண்டு நடை ஓட்டுனா முடிஞ்சிரும்."

பொன்னுச்சாமி காரில் ஏறினார். முத்துத்தாய் புரட்டிப் போட்ட செடி பின்பக்கம் அம்பாரமாய் எழும்பி நின்றதால், கண்ணாடியில் பார்த்தாலும் சாலை தெரியாது. கஸ்தூரி பின்னால் போய் ஓரத்தில் நின்றாள். மறுபக்கம் ஒரு பள்ளம் இருந்தது. சக்கரம் ஒரு சாண் விலகினாலும் அதில் இறங்கிவிடும்.

"வரலாமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"வாங்க."

கார் பின்னால் வரத் தொடங்கியது. நெத்துகள் வெடித்தன. அவள் "வாங்க, வாங்க" என்றாள். "ஒங்க பக்கம் ஒடிங்க" என்றாள். சக்கரம் உடனே அந்தப் பக்கம் திரும்பியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி, காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்து, அவளுடைய சொல்லின் மேலேயே பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அந்த இருக்கையில் தான் இருந்து, அவர் இங்கே நின்று சொல்லியிருந்தால், தான் இப்படி வந்திருப்பாளா என்று கஸ்தூரி நினைத்துப் பார்த்தாள். பதில் வருவதற்குள் சக்கரம் பதாகையின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"போதும்" என்றாள். "நில்லுங்க."

கார் நின்றது.